வடக்கறைப் பாம்புகள்

கொத்தாட்சுக்குள் கால் நீட்டிய இத்சுகோவுக்கு வலது பாதத்தில் சூடு ஏறியது, இடது பாதத்தில் ஏறவில்லை.

கொத்தாட்சு மேசைக்கு அடியில் கணப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் குட்டை மேசையைச் சுற்றித் தரைவரை தொங்கிய கனத்த பஞ்சுப் போர்வையின் விளிம்பில் சிவப்பு வெளிச்சம் கசிந்தது, உள்ளிருந்து எப்போதும் வரும் சன்னமான இரைச்சல் வந்தது, சூடேறிய பஞ்சின் மணமும் மேசைமேல் உரித்துப் போட்ட கமலா ஆரஞ்சுத் தோலின் மணமும் ஒன்றாய்க் கலந்து மூக்கைச் சுற்றின. ஒரு குறையும் இல்லை. இடது பாதம் மட்டும் செருப்பில்லாமல் வாசல் பனியில் நின்றதுபோல் விறைத்துக் கிடந்தது. குமிழைத் திருகிச் சூட்டைக் கூட்டினாள். இரைச்சல் கூடியது, வலது கால் சுட்டது, இடது கால் அப்படியே இருந்தது.

வயசாகிவிட்டது, ரத்த ஓட்டம் சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலைத் தேய்த்துவிடலாம் என்று குனிந்து போர்வையைத் தூக்கியபோது ஒரு வாடை வந்தது. ஈரச் செய்தித்தாள், மரத்தூள், அதோடு உறைந்த எலியை வெந்நீரில் போட்டால் எழும்புகிற ஒரு கவுச்சி. வடக்கறையின் வாடை அது. நடையைத் தாண்டி, இரண்டு கதவுக்கு அப்பால் இருக்கிற அறை. அந்த வாடைக்கு இங்கே வேலை இல்லை. போர்வையைக் கீழே விட்டாள்.

இன்றைக்கு எதற்கும் அலட்டிக்கொள்வதாக இல்லை அவள். இன்று அவளுடைய நாள். சாயங்கால ரயிலில் மொரியோ வருகிறான்.

மொரியோ அவள் புருஷன். காகிதத்தில் இன்னும் புருஷன்தான். இலை உதிர்கிற பருவத்தில் செந்தாய் நகரத்தில் பூக்கடை வைத்திருக்கும் ஒருத்தியோடு போய்விட்டான். அந்தம்மா குடியிருக்கிற அடுக்குமாடியில் பிராணிகள் வளர்க்கக் கூடாதாம், அதனால் அவனுடைய ஆறு பாம்புகளும் இங்கேயே தங்கிவிட்டன. பெண்டாட்டிகள் கூடாது என்று அங்கே யாரும் எழுதிப் போடவில்லை. இருந்தும் அவளையும் விட்டுவிட்டுத்தான் போனான்.

போனவன் தினம் சாயங்காலம் போன் பண்ணினான். அவளுக்காக அல்ல.

"தண்ணி மாத்தினியா?"

"மாத்தியாச்சு."

"பெட்டியில ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி. ரெண்டும் இருக்கணும். எது வேணுமோ அது அங்க போய்ப் படுத்துக்கும். நீயா நகர்த்தாதே."

"தெரியும்."

"யாருக்காவது கண்ணு பால் பூத்திருக்கா பாரு. பூத்திருந்தா தொடாதே, தோலுரிக்கப் போகுது, எரிச்சல்ல இருக்கும்."

இத்சுகோவின் கண்ணில் பால் பூத்தாலும் சரி, பூசணி பூத்தாலும் சரி, அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்காது. சாப்பிட்டியா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தீனிக்கான உறைந்த எலியை எப்படி இளக்கினாய் என்று கேட்டான், வெந்நீரா பச்சைத் தண்ணீரா, துடைத்துக் கொடுத்தாயா, கொடுத்த பிறகு இரண்டு நாள் பாம்பைத் தூக்காமல் இருந்தாயா என்று கேட்டான். அவளும் பதில் சொன்னாள். சொன்னபடியெல்லாம் செய்தாள். அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. அவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறாள்.

ஆறில் பெரியது ஒரு மலைப்பாம்பு. ஆளுயரத்தைத் தாண்டியது, வைக்கோலும் கரியும் கலந்த நிறம். அதை அவன் 'வீட்டம்மா' என்றுதான் கூப்பிடுவான். "வீட்டம்மா இன்னைக்கு எப்படி இருக்காங்க?" இத்தனை வருஷம் சோறு பொங்கிப் போட்டவளைக் கூப்பிட்டதெல்லாம் 'ஏய்' என்றுதான். பிளாஸ்டிக் பெட்டியில் சுருண்டு கிடந்தது வீட்டம்மா ஆகிவிட்டது.

அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது போன வாரம்.

"ஏய், வீடு கிடைச்சிருச்சு" என்றான், குரலில் சிரிப்பு பொங்க. "குழந்தைங்களுக்குத் தெற்கு பார்த்த ரூம். நாள் பூரா வெயில் விழும். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்."

வெயில் விழுகிற ஓர் அறை வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டவள் அவள். இந்த வீட்டில் இருந்த ஒரே நல்ல அறையை உடைத்துக் கிடங்காக்கினான். இந்த அகிதா ஊரின் குளிர் காலங்களை எல்லாம் இந்த இருட்டுக் கூடத்தில், இந்த மேசைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டே கழித்துவிட்டாள். இப்போது பாம்புகளுக்குத் தெற்கு பார்த்த அறை. போனை வைத்துவிட்டு நெடுநேரம் நின்றாள்.

பிறகு வடக்கறைக்குப் போனாள். பெட்டிகளுக்கு அடியில் இருந்த சூட்டுத் தகடுகள் எல்லாம் ஒரே பிளக்கில்தான் ஓடின. பிடுங்கினாள். ஜன்னலைத் திறந்து வைத்தாள். பனிக்காற்று உள்ளே வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வந்து நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் போய்ப் பார்த்தபோது பெட்டிகளில் இருந்த தண்ணீர்க் கிண்ணங்கள் கட்டியாகிக் கிடந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றையும் தட்டினாள். கொடியில் காயப்போட்டு விறைத்துப்போன துணி மாதிரி சத்தம் கேட்டது. வீட்டம்மாவை மட்டும் கையாலேயே தொட்டுப் பார்த்தாள். கல்லாகிவிட்டது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஜன்னலைச் சாத்தினாள், மூடிகளைப் போட்டாள், கிளிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்தி மாட்டினாள். எதையும் வெளியே எறியவில்லை. அவன் வந்து அவன் கையாலேயே திறக்க வேண்டும். ஒன்று, அப்புறம் இன்னொன்று, கடைசியில் வீட்டம்மா. அப்போது அவள் இங்கே கொத்தாட்சுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்குப் பிறகு இந்தக் கூரை பனி பாரத்தில் இடிந்து தலையில் விழுந்தாலும் கவலை இல்லை.

அதற்கப்புறமும் அவன் போன் பண்ணினான். தண்ணி மாத்தியாச்சுங்க, எல்லாரும் நல்லா இருக்காங்க என்றாள். அப்படிச் சொல்லும்போது உச்சி குளிர்ந்தது அவளுக்கு.

வாசலில் பனியை உதறுகிற சத்தம் கேட்டது.

"இத்சுகோ, இருக்கியாம்மா? கதவத் தொறந்தே போட்டிருக்கே, திருடன் வந்தா என்ன பண்ணுவே?"

பக்கத்து வீட்டு ஹமாதா அக்கா. கையில் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் ஒரு டப்பா. இவள் எழுந்திருப்பதற்குள் அக்கா மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்து போர்வைக்குள் காலை விட்டாள்.

"திருடன் வந்தா உங்க ஊறுகாயக் குடுத்து அனுப்பிருவேன்க்கா."

"வாயப் பாரு. ஆமா, இன்னைக்குத்தானே வர்றான் உன் வீட்டு மகராசன்? கேள்விப்பட்டேன். அந்த ஜந்துக்களோட அவனையும் சேர்த்துப் பெட்டியில போட்டு மூடி அனுப்பு. நான் வேணா கிளிப்பு மாட்டித் தர்றேன்."

இத்சுகோ சிரித்தாள். தேநீர் ஊற்றினாள். கையும் சில்லிட்டிருந்தது. ஊரில் யார் யாரோ பனியில் வழுக்கி விழுந்த கதைகளையெல்லாம் அக்கா சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று நிறுத்தினாள். போர்வைக்குள் கால்களை லேசாக நகர்த்தினாள்.

"பூனை வாங்கியிருக்கியா என்ன? சொல்லவே இல்ல."

"பூனையா?"

"இதோ, கால்ல உரசிட்டுப் போகுது." அக்கா சிரித்துக்கொண்டே குனிந்து போர்வையைத் தூக்கினாள். "புஸ், புஸ்... எங்க போச்சு? அட, ஒண்ணும் காணோம்."

சிவப்பு வெளிச்சம். இத்சுகோவின் கம்பளிக் காலுறை போட்ட பாதங்கள். பாய்த் தரை. வேறெதுவும் இல்லை.

"போர்வை ஓரம் பட்டிருக்கும்க்கா."

"போர்வை எங்கேயாவது இப்படி கனமா இருக்குமா? நல்லா ஏறி இறங்குச்சே." அக்கா காலை வெளியே இழுத்துக்கொண்டாள். "கொத்தாட்சுவும் சூடு பத்தல. பழசாயிருச்சு, மாத்து. உன் முகத்தப் பாரு, வெளுத்துப் போய் இருக்கு. நான் கெளம்புறேன், அடுப்புல பருப்பு கிடக்கு."

அக்கா போன பிறகு வீட்டில் சத்தமே இல்லை. பனி விழுகிற நாளில் எப்போதும் இப்படித்தான் இருக்கும், தெருவையும் மரங்களையும் யாரோ பஞ்சு வைத்து அடைத்ததுபோல். இன்றைக்கு அந்த நிசப்தத்துக்கு உள்ளே இன்னொரு சத்தம் இருந்தது. உலர்ந்த பொருள் எதையோ பாய்மேல் நிதானமாக இழுப்பதுபோன்ற ஒன்று. அது நிற்கும், இவள் காது கொடுத்ததும் இல்லாமல் போகும், மூச்சு விட்டதும் மறுபடி கேட்கும். கூரையில் பனி சரிகிறது என்று சொல்லிப் பார்த்தாள். கூரைச் சத்தம் மேலே கேட்கும். இது மேசைக்கு அடியில் கேட்டது.

எழுந்தாள். எழுந்திருக்கவே சிரமமாக இருந்தது. இடது கால் முழங்கால்வரை மரத்திருந்தது.

நடையின் மரத்தரை பனிக்கட்டிபோல் இருந்தது. இவர்கள் ஊரில் யாரும் வீடு முழுக்கச் சூடாக்குவதில்லை. ஒரு மேசையைச் சூடாக்கி அதைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள், மற்ற அறைகளைக் குளிர் ஆண்டுகொள்ளும். வடக்கறைக் கதவைத் தள்ளினாள். ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் பூக்கோலமாக உறைந்திருந்தது. பெட்டிகள் அடுக்கியபடி இருந்தன. எல்லாக் கிளிப்புகளும் அவள் மாட்டியபடியே இருந்தன. பிடுங்கிய பிளக் தரையில் கிடந்தது.

முதல் பெட்டியைத் திறந்தாள். செம்மஞ்சள் நிறச் சோளப்பாம்பு அசையாமல் கிடந்தது. அடுத்ததில் பந்துபோல் சுருளுகிற பாம்பு, சுருண்டபடியே. எல்லாம் இருந்தன. எல்லாம் செத்துத்தான் இருந்தன. ஒன்றுகூட வெளியே போகவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹமாதா அக்காவுக்கும் வயசாகிவிட்டது, பாவம்.

கடைசியாக வீட்டம்மாவின் மூடியைத் தூக்கினாள். பாம்பு கிடந்தது. வாய் மூடியிருந்தது.

வாய் திறந்திருந்ததே?

கிண்ணத்தைப் பார்த்தாள். கட்டியாக இருந்தது இப்போது தண்ணீராக இருந்தது. மூச்சு விட்டால் வெள்ளையாகப் புகைகிற அறையில், ஜன்னல் உறைந்து கிடக்கிற அறையில், அந்தக் கிண்ணத்தில் மட்டும் தண்ணீர் தளும்பியது. பெட்டியின் அடியில் கை வைத்தாள். தகடு வெதுவெதுப்பாக இருந்தது. ஆள் உட்கார்ந்து எழுந்த இடம்போல வெதுவெதுப்பு.

பிளக் தரையில் கிடந்தது. அவள் அதை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

மூடினாள். கிளிப்புகளைப் போட்டாளா என்று நினைவில்லை. நடையில் வேகமாக நடக்க நினைத்தும் கால் வரவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சமையலறையில் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்ற வைத்து அதன் முன்னால் நின்றாள். அடுப்பு எரிந்தது. முகத்தில் சூடு பட்டது. பட்ட சூடு தோலோடு நின்றது, உள்ளே இறங்கவே இல்லை, ஓட்டைப் பானையில் ஊற்றுகிற மாதிரி எங்கோ போய்க்கொண்டிருந்தது.

ஓடிவிடலாம். பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடலாம். நினைத்தாள். நினைத்த உடனே மொரியோ வந்து யாருமில்லாத வீட்டில் பெட்டிகளைத் திறப்பதும், தனியாக அழுது தீர்த்துவிட்டுப் போவதும் கண்ணில் வந்தது. அவள் பார்க்காத அழுகை எதற்கு ஆகும்? இத்தனையும் எதற்குச் செய்தாள்? செத்ததைக் கண்டு பயந்து ஓடினாள் என்று ஊர் சிரிக்கும். அவன் சிரிப்பான். அவன் சிரிப்பதை நினைத்தபோது அவளுக்கு வந்த கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

திரும்பி வந்து கொத்தாட்சு முன்னால் உட்கார்ந்தாள். போர்வையைத் தூக்கினாள். சிவப்பு வெளிச்சத்தில் வெறும் பாய். வேண்டுமென்றே, சவால் விடுவதுபோல், இரண்டு கால்களையும் உள்ளே நீட்டினாள்.

நீட்டியதும் தெரிந்தது.

கண்ணுக்குத் தெரியாதது காலுக்குத் தெரிந்தது. இடது கணுக்காலைச் சுற்றி ஒன்று. மெல்லியது. இறுக்கவில்லை, வளையல் போட்ட மாதிரி சும்மா கிடந்தது. வலது பாதத்தின் மேல் இன்னொன்று. முழங்காலுக்குக் கீழே, இரண்டு கால்களுக்கும் நடுவில், கனமாக, நிதானமாக ஒன்று நகர்ந்தது. செதில் செதிலாகக் காலுறையில் சிக்கிச் சிக்கி விடுபட்டது. ஒவ்வொன்றும் குளிர்ந்திருந்தது. அந்தக் குளிர் வெளியிலிருந்து அவளுக்குள் வரவில்லை. அவளிடம் இருந்த சூடுதான் அங்கே போனது. அவளுக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

காலை இழுத்தாள்.

கால் வரவில்லை. யாரும் பிடித்து இழுக்கவில்லை. கால் அவள் சொல்வதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

போன் அடித்தது.

கை இருந்தது இன்னும். எடுத்தாள்.

"ரயில் இறங்கிட்டேன்" என்றான் மொரியோ. "பனி கொட்டுது, டாக்ஸி கிடைக்கல, நடந்தே வர்றேன். குழந்தைங்க எப்படி இருக்காங்க?"

சொல்லியிருக்கலாம். என் காலைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, ஓடி வாங்க என்று ஒரு வார்த்தை. சொன்னால் என்ன செய்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். போனிலேயே சொல்லிவிட்டால் அந்த முகத்தைப் பார்க்க முடியாது. அவள் நாக்கு பழக்கமான தடத்திலேயே போனது.

"நல்லா இருக்காங்க" என்றாள்.

"நீ ஏன் ஒரு மாதிரி பேசுறே? பல்லு கிட்டுதே."

"குளிருங்க. சீக்கிரம் வாங்க."

சீக்கிரம் வாங்க என்று அவள் அவனைக் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகிறது. "வர்றேன், வர்றேன்" என்று வைத்துவிட்டான்.

வெளியே வெளிச்சம் நீலமாகி, சாம்பலாகி, இல்லாமல் போனது. விளக்கைப் போட எட்டவில்லை. அறையில் போர்வை விளிம்பின் சிவப்பு மட்டும். இடுப்புவரை உணர்வு போய்விட்டது. போன இடத்துக்கு மேலே அவை நகர்ந்தன. சூடு இல்லாத இடத்தில் அவை தங்குவதில்லை. தொடை. வயிறு. ஸ்வெட்டருக்குள். கனமானது கடைசியில் வந்தது. அவசரமே இல்லை அதற்கு. அவள் அடிவயிற்றில் தலை வைத்தது. அங்கேதான் அதிகச் சூடு இருந்தது.

கடிக்கவில்லை. நெரிக்கவில்லை. எடுத்துக்கொண்டிருந்தன.

அவளுக்கு இப்போது ஒரே ஆசைதான் இருந்தது. அந்த முகம் வேண்டாம். அவன் அழ வேண்டாம். அவன் வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, உயிருள்ள இரண்டு கால்களை இந்தப் போர்வைக்குள் விட வேண்டும். அவனிடமும் சூடு இருக்கிறது. நிறைய இருக்கிறது. அவளிடமிருந்து அவன் எடுத்துக்கொண்டு போனது. இவை அவனிடம் போகட்டும். அவன் குழந்தைகள்தானே. அப்பனிடம் போகட்டும்.

கதவு திறந்தது.

"அப்பப்பா, என்ன பனி." விளக்கு எரிந்தது. மொரியோ. புது மேலங்கி, யாரோ பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தது. தோளில் பெரிய தெர்மோகோல் பெட்டி. கையில் துணிப் பைகள், பாக்கெட்டில் கைக்குள் வைத்துக் கசக்கினால் சூடேறும் பொட்டலங்கள். எல்லாம் பாம்புகளுக்கு. "இருட்டுல எதுக்கு உக்காந்திருக்கே?"

"கால... நீட்டுங்க" என்றாள் இத்சுகோ. உதடு ஒட்டியிருந்தது. "நனைஞ்சிருக்கீங்க. முதல்ல... சூடு பண்ணிக்குங்க."

அவன் அவளைக் கொஞ்சம் வியப்பாகப் பார்த்தான். பிறகு ஈரக் காலுறையைக் கழற்றினான். உட்கார்ந்தான். போர்வையைத் தூக்கினான். கால்களை உள்ளே விட்டான்.

அவள் வயிற்றில் கிடந்த தலை நிமிர்ந்தது.

இறங்கியது. தொடை வழியே, முழங்கால் வழியே. மற்றவையும் இறங்கின. அவளுக்கு அழுகை வந்தது, அவ்வளவு நிம்மதி. போ. அவனிடம் போ. போர்வைக்கு அடியில் அவை நகர்வது அவளுக்கு மட்டும் கேட்டது. அவன் பாதத்தைத் தொட்டிருக்கும். அவன் லேசாகக் காலை அசைத்தான்.

அவன் ரயிலடியிலிருந்து பனியில் நடந்து வந்தவன். அவன் பாதங்கள் பனிக்கட்டியாக இருந்தன. அவற்றில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

திரும்பி வந்தன.

எல்லாம். வேகமாக. முன்னால் வந்தது கனமானது, வயிற்றைத் தாண்டி, விலாவைத் தாண்டி, நெஞ்சுக்கு.

"கொத்தாட்சு சூடே இல்லியே" என்றான் மொரியோ. குமிழைப் பார்த்தான். "முழுசாத்தான் வச்சிருக்கே. கெட்டுப்போச்சு போல." எழுந்துவிட்டான். "சரி, நான் போய் முதல்ல குழந்தைங்களப் பாத்துடறேன்."

நடையில் அவன் காலடி. வடக்கறைக் கதவு. கிளிப்புகள் திறக்கிற சத்தம், டக், டக். அவள் காத்திருந்தாள். இத்தனை நாளாகக் காத்திருந்தது இதற்குத்தான். ஓர் அலறல். ஒரே ஓர் அலறல் கேட்டால் போதும், அதைக் கேட்டுக்கொண்டே போய்விடலாம்.

"ஏய்!"

சிரிப்பு. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நல்லா பாத்துக்கிட்டிருக்கே! நான் இருந்தப்பகூட இவ்வளவு மினுமினுன்னு இருந்ததில்ல! இப்பதான் பிளக்கக் கழட்டினியா? பெட்டியெல்லாம் இன்னும் கொதிக்குது. அட, வாடா கண்ணு, வா, வா... என்ன சூடு, என்ன சூடு!"

அவள் வாயைத் திறக்க முயன்றாள். நெஞ்சில் கிடந்தது கழுத்தருகே வந்து படுத்தது.

நெடுநேரம் கழித்தோ உடனேயோ அவன் வந்தான். தெர்மோகோல் பெட்டியைத் தூக்கித் தோளில் மாட்டியிருந்தான். உள்ளே ஐந்து பைகள், ஐந்தும் அசைந்தன. ஆறாவதைப் பையில் போடவில்லை. மேலங்கிக்கு மேல் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தான். அவன் கண் அதன் மேலேயே இருந்தது.

"பையில இருக்கமாட்டேங்கறாங்க வீட்டம்மா. பரவால்ல, ரயில்வரைக்கும் இப்படியே வரட்டும்." நின்றான். "என்ன, பேசமாட்டியா? கோவம். தெரியும். பட்டுக்க வேண்டியவன்தான் நான். ஆனா இதுங்க மேல காட்டாம விட்டே பாரு, அதுக்கு நான் சாகுறவரைக்கும் உனக்கு நன்றி சொல்லணும்."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பால் பூத்த அந்தக் கண்களைப் பார்த்திருப்பான். குனிந்து கொத்தாட்சுவின் சுவிட்சை அணைத்தான். சிவப்பு போனது.

"கெட்டுப்போனத எரிய விடாதே. நாளைக்கு ஆள அனுப்புறேன்."

வாசல் கதவைத் திறந்தான். பனி வெளிச்சமும் காற்றும் அறைக்குள் வந்தன. விளக்கையும் அணைத்துவிட்டுத் திரும்பி நின்று, கழுத்தில் கிடந்த பாம்பிடம் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னான்: "அம்மாகிட்டப் போயிட்டு வர்றேன்னு சொல்லு."

அவன் தோளின் மேல் அந்தத் தலை இத்சுகோவின் பக்கம் திரும்பியது. அவன் பேசியபோது அவன் வாயிலிருந்து மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. பாம்பு வாயைத் திறந்தது. அதன் வாயிலிருந்தும் மூச்சு புகைந்தது, மனுஷ மூச்சு, வெதுவெதுப்பாக, வெள்ளையாக, ஒன்றன்பின் ஒன்றாக. கொத்தாட்சுவின் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவளின் திறந்த வாயிலிருந்து எதுவும் வரவில்லை.